செவாலியேக்குள் நிற்கும் சுமைக்குதிரை

சென்னை தியாகராய நகரில் தெற்கு போக் சாலை என்று ஒன்று இருந்தது. இன்று அது செவாலியே சிவாஜி கணேசன் சாலை. 1995-ல் பிரெஞ்சு அரசு நடிகர் திலகத்துக்குக் கலை இலக்கிய விருதை அளித்தபோது தமிழர் பலருக்கும் பழக்கமான சொல் அது. அன்று முதல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டு, தெருப்பலகை வரைக்கும் போய்விட்டது. செவாலியே என்றால் என்ன என்று கேட்டால், ‘வீரத்திருமகன்’ என்பார்கள், ‘மாவீரர்’ என்பார்கள். சொல்லை உடைத்துப் பார்த்தால் கிடைப்பது அதைவிட எளிமையானது: குதிரைக்காரன்.

பிரெஞ்சில் ஷெவால் என்றால் குதிரை. குதிரை ஏறிப் போகிறவன் செவாலியே. ஷெவால் எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போனால் லத்தீனில் கபல்லுஸ் என்ற சொல்லில் போய் நிற்போம். அந்தக் கபல்லுஸ் அரசன் ஏறும் குதிரையோ போர்க்களத்துக் குதிரையோ இல்லை. மூட்டை சுமக்கிற, வண்டி இழுக்கிற, திரிகையைச் சுற்றுகிற மட்டக்குதிரை. ரோமானியர் அந்தச் சொல்லை ஒருவித இளக்காரத்தோடுதான் சொன்னார்கள். இந்த ஒரு பெயர் ஐரோப்பா முழுக்க நடந்து போன வழியையும், அந்த விலங்கு ஓவியத்தில் நின்ற இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. பெயர் எங்கேயோ உயரத்துக்குப் போனது. விலங்கு அங்கே போகவில்லை.

ரோமானியரிடம் குதிரைக்கு இரண்டு சொற்கள் இருந்தன. எக்குவுஸ் என்பது மரியாதையான சொல். காவியத்துக்கும் படைக்கும் பந்தயத்துக்கும் உரியது. ரோமானியச் சமூகத்தில் செனட்டர்களுக்கு அடுத்த செல்வர் வகுப்புக்கு அதிலிருந்துதான் பெயர். கபல்லுஸ் வேற்று மொழியிலிருந்து வந்து சேர்ந்த சொல். சந்தையிலும் லாயத்திலும் புழங்கியது. கவிஞர்களைக் கேலி செய்ய நினைத்த பெர்சியுஸ் என்ற அங்கதப் புலவர், அவர்கள் புனிதமாகக் கொண்டாடிய ஹிப்போகிரேனே ஊற்றைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைத்தான் எடுத்தார். தெய்வக் குதிரை குளம்பால் உதைத்ததில் பிறந்த ஊற்று என்பது கதை. அதை அவர் ‘மட்டக்குதிரை ஊற்று’ ஆக்கினார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். கேலியின் கூர்மை முழுதும் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

சிலைகளிலும் இதே பிரிவினை. ரோமில் மார்க்குஸ் அவுரேலியுஸ் பேரரசர் குதிரைமேல் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலையைப் பாருங்கள். முன்கால் ஒன்றைத் தூக்கி, தலையை வளைத்து நிற்கும் அந்தக் குதிரை எக்குவுஸ். அதே நகரில், இன்று போர்த்தா மஜ்ஜோரே என்று அழைக்கப்படும் வாயிலுக்கு வெளியே யூரிசாசெஸ் என்ற ரொட்டிக்கடைக்காரரின் கல்லறை இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. அதன் மேல்விளிம்பில் ஓடும் புடைப்புச் சிற்பத்தில், தானியம் வாங்குவதிலிருந்து ரொட்டி நிறுத்துக் கொடுப்பது வரை அந்தத் தொழில் முழுவதும் செதுக்கப்பட்டிருக்கிறது. நடுவே கழுதைகள் திரிகைக்கல்லைச் சுற்றி வருகின்றன. பேரரசர் வீட்டுச் சிற்பி இதைச் செதுக்கமாட்டான். உழைத்துப் பணம் சேர்த்த ஒருவர், தன்னோடு உழைத்தவற்றைத் தன் கல்லறையில் விட்டுவைத்திருக்கிறார். அந்தக் கழுதைகளை மறந்துவிடாதீர்கள். ஓவியன் வீட்டில் அவற்றை மறுபடி சந்திக்கப் போகிறோம்.

ரோமப் பேரரசு சரிந்தபின் நடந்ததுதான் இந்தச் சொல்லின் வரலாற்றில் முக்கியமானது. எக்குவுஸ் செத்துப்போனது. சிப்பாயும் குடியானவனும் வியாபாரியும் பேசிய லத்தீன்தான் மக்கள் மொழிகளாகக் கிளைத்தது. அவர்கள் வாயில் இருந்தது கபல்லுஸ். அதுவே பிரெஞ்சில் ஷெவால், இத்தாலியத்தில் கவல்லோ, போர்த்துகீசியத்தில் கவாலு, ஸ்பானியத்தில் கபாயோ என்று ஆனது. எக்குவுஸுக்கு மிஞ்சியது பெண்பால் வடிவம் மட்டுமே: ஸ்பானியத்தில் பெண்குதிரையைக் குறிக்கும் யெகுவா அதன் வழி வந்தது. ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரப் பேராயர் இசிதோர் சொற்பிறப்பு நூல் எழுதும்போது கபல்லுஸுக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. குளம்பால் மண்ணைக் குழிக்கிறது, குழிவு என்ற சொல்லிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்றார். நம்மூரில் ‘குதிப்பதால் குதிரை’ என்று வாத்தியார்கள் சொல்வது போலத்தான் இதுவும். இரண்டையுமே நான் மொழியியல் என்று ஏற்க மாட்டேன். ஆனால் குளம்படியை உற்றுப் பார்த்த ஒருவர் சொன்ன காரணம் அது; அந்த அளவில் எனக்குப் பிடிக்கும்.

தமிழிலும் சொற்கள் உதிர்ந்திருக்கின்றன. சங்கப் பாடல்களில் மா, பரி, புரவி, இவுளி என்றெல்லாம் வரும். இன்றைய பேச்சில் நிற்பது குதிரை ஒன்றுதான். அய்யனாருக்கு மண்குதிரை எடுத்துப் போகும் திருவிழாவை மட்டும் இன்னும் புரவி எடுப்பு என்கிறார்கள். வழிபாட்டில் பழைய சொல் தங்குவது இயல்பு. ஆனால் நம் குதிரை என்ற சொல், கபல்லுஸைப் போலத் தாழ்ந்த விலங்குக்கு மட்டும் வழங்கிய பெயராக இருந்ததில்லை. ஒப்பிடுதலை அதற்குமேல் இழுக்கக்கூடாது.

கபல்லுஸிலிருந்து கபல்லாரியுஸ் பிறந்தது: குதிரையைப் பார்த்துக்கொள்கிறவன், குதிரை ஏறிப் போகிறவன். அந்தச் சொல்தான் செவாலியே. குதிரையும் இரும்புக் கவசமும் வைத்துக்கொள்ள வசதி உள்ளவன்தான் படையில் பெரியவன் என்ற காலம் வந்தபோது, குதிரைக்காரன் பிரபு ஆனான். அவனுடைய ஒழுக்கத்துக்கும் மரியாதைக்கும் பெண்களை அவன் நடத்திய விதத்துக்கும்கூட அந்தச் சொல்லிலிருந்தே பெயர் வைத்தார்கள். சுமைக்குதிரையின் பெயர் இப்படி அரண்மனைக்குள் போய்ச் சேர்ந்தது.

அதே நூற்றாண்டுகளில் அந்த விலங்கின் தோளிலும் ஒரு மாற்றம் வந்தது. திணித்துத் தைத்த கழுத்துவளையம் ஐரோப்பாவில் பரவியது. சுமை குரல்வளையை அழுத்தாமல் தோளில் இறங்கியதால் கனமான கருவிகளைக் குதிரை இழுக்க முடிந்தது; எருது செய்த வயல்வேலையில் ஒரு பங்கு அதற்கு வந்தது. அதற்குப் பழைய படச்சான்றுகளில் ஒன்று பயூ நகரத்துத் துணிச்சித்திரம். 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த கதையைச் சொல்லும் அது, லினன் துணியில் கம்பளி நூலால் செய்த பூத்தையல் வேலை. நீளம் ஏறக்குறைய 70 மீட்டர். நடுப்பட்டையில் போர்க்குதிரைகள் பாய்கின்றன, கப்பலில் ஏறுகின்றன, ஹேஸ்டிங்ஸ் களத்தில் தலைகுப்புற விழுகின்றன. கீழ் ஓரத்தில் ஓரிடத்தில் ஒரு குதிரை தனியாகப் பரம்பு இழுத்துக்கொண்டு போகிறது. உழுத கட்டியை உடைக்கும் பல்வைத்த பரம்பு. பக்கத்தில் ஒருவன் கவண் சுற்றிப் பறவைகளை விரட்டுகிறான். மேலே நடக்கும் அரசியலோடு அதற்கு ஒரு தொடர்பும் கிடையாது.

இருநூற்றைம்பது ஆண்டு கழித்தும் அந்தக் குதிரை ஓரத்திலேயே இருக்கிறது. லிங்கன்ஷயரில் வாழ்ந்த ஜெஃப்ரி லட்ரல் என்ற பிரபுவுக்காக 1325-க்கும் 1340-க்கும் இடையில் எழுதப்பட்ட விவிலியச் சங்கீதப் புத்தகம் ஒன்று இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதன் பக்க விளிம்பில் அதே பரம்பு, அதே தனிக்குதிரை, பின்னாலேயே கவண்காரன். வேறொரு விளிம்பில் கதிர்க்கட்டு ஏற்றிய வண்டியைக் குதிரைகள் மேட்டில் இழுக்க, ஆட்கள் பின்னால் தோள்கொடுத்துத் தள்ளுகிறார்கள். அதே நூலில் பிரபு போர்க்கோலத்தில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் படம் மட்டும் கம்பீரமாக நிற்கிறது. அதன் மேலே அவருடைய பெயரும் எழுதியிருக்கிறது. செவாலியேக்குப் பெயர் உண்டு. அந்தப் பட்டத்துக்குப் பெயர் கொடுத்த விலங்கு விளிம்பில் மேடேறிக்கொண்டிருக்கிறது.

இந்த முரணை முதலில் கண்டுபிடித்தவர் ஓவியர் இல்லை, நாவலாசிரியர். 1605-ல் வெளிவந்த டான் குவிக்ஸோட்டின் முதல் அத்தியாயத்தில், வீட்டில் நிற்கும் எலும்பும் தோலுமான குதிரைக்குப் பெயர் வைக்க நாயகன் நான்கு நாள் யோசிக்கிறான். ஸ்பானியத்தில் செவாலியேக்கு இணையான சொல் கபயேரோ, அதற்குள்ளும் கபல்லுஸ்தான். அதற்குள் அந்தச் சொல் உயர்ந்துவிட்டதால், வேலைக்குதிரையைக் குறிக்க ஸ்பானியம் வேறு ஒரு சொல்லை வைத்துக்கொண்டது: ரொசின். நாயகன் அதோடு ‘முன்’ என்று பொருள்படும் அந்தேஸைச் சேர்த்து ரொசினாந்தே என்கிறான். முன்பு ரொசினாக இருந்தது என்றும், உலகத்து ரொசின்களுக்கெல்லாம் முன்னே நிற்பது என்றும் இரண்டு பொருள் அதில் கேட்கும். உலக இலக்கியத்தில் ஒரு வேலைக்குதிரைக்கு இத்தனை நாள் உட்கார்ந்து யோசித்துப் பெயர் வைத்தவர் வேறு யாராவது இருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து இல்லை. ஓவியர்கள் ரொசினாந்தேயை விடவே இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் குஸ்தாவ் தொரே நூல் முழுவதற்கும் படம் போட்டார். ஒனோரே தோமியே திரும்பத் திரும்ப அந்தக் குதிரையையே தீட்டினார். அவர் படங்களில் அது கிட்டத்தட்ட எலும்புக்கூடாகவே நடக்கிறது.

இனி அந்தக் கழுதைகள். ஓவியம் தீட்டும்போது சட்டத்தைச் சாய்த்து நிறுத்தும் மரத்தாங்கிக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயர் ஈசல். நம் காதுக்கு அது மழைக்காலப் பூச்சி. அதன் மூலம் டச்சுச் சொல்லான ஏசெல். பொருள், கழுதை. டச்சு ஓவியர்கள் ஐரோப்பாவெங்கும் பேர்பெற்றிருந்த காலத்தில் அவர்களுடைய பட்டறைச் சொல்லை ஆங்கிலேயர் மொழிபெயர்க்காமல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சில் அதே தாங்கி ஷெவாலே, ‘குட்டிக் குதிரை’. இத்தாலியத்தில் கவல்லெத்தோ, ஸ்பானியத்தில் கபயேத்தே, எல்லாம் அதேதான். கால்விரித்து நின்று, முதுகில் ஏற்றியதை அசையாமல் தாங்குகிற எதற்கும் மக்கள் இந்த விலங்குகளின் பெயரை வைத்தார்கள். கபல்லுஸ் தன் பழைய தொழிலை மறக்கவில்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை. பட்டமாக அரண்மனைக்குப் போன அதே சொல், பட்டறையில் சுமந்துகொண்டே நின்றது.

பிரெஞ்சில் வயலின் தந்திகளைத் தாங்கும் மரத்துண்டும் ஷெவாலேதான். இங்கே தமிழனுக்கு அகராதி வேண்டாம். வீணைக் குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கி நிற்பதை நாம் குதிரை என்கிறோம். வயலினிலும் அதுவே பெயர். வடக்கே சிதார்க்காரர்கள் கோடி என்பார்கள், பெண்குதிரை. யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கியிருக்கத் தேவையில்லை. தந்தியின் இழுப்பு முழுதும் அந்தச் சின்னக் கட்டையின் முதுகில் இறங்குவதை ஒருமுறை பார்த்தவனுக்கு வேறு பெயர் தோன்றாது.

ஏசெல் என்று தாங்கியை அழைத்த டச்சு ஓவியர்களில் பவுலுஸ் பொட்டர் என்ற இளைஞர் இருந்தார். 1625-ல் பிறந்து 1654-ல் 28 வயதில் இறந்துபோனவர். மாடுகளைத் தீட்டியதற்காகப் பேர்பெற்றவர். 1652-ல் அவர் செம்புத் தகட்டில் அமிலம் கொண்டு பொறித்து, குதிரைகளை மட்டுமே வைத்து ஐந்து அச்சுப்படங்கள் போட்டார். முதலில் கொழுத்த ஃப்ரீஸியக் குதிரை. பிறகு கனைக்கும் குதிரை, வால் நறுக்கிய குதிரை. அடுத்து இரண்டு ஏர்க்குதிரைகள். ஐந்தாவது படம் மஸெத் என்று அறியப்படுகிறது. அது நொந்துபோன மட்டக்குதிரைக்குப் பிரெஞ்சுச் சொல். தலை தொங்கி, விலா தெரிய அது நிற்கிறது. பின்னால் இன்னொரு குதிரை செத்துக் கிடக்கிறது. ஐந்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே குதிரையின் வாழ்க்கை போலவே இருக்கிறது. இந்தக் குதிரைகள் எதன் முதுகிலும் செவாலியே இல்லை. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டன. பெயர்தான் இன்னும் இல்லை.

பெயர் யாருக்கு இருந்தது என்று பார்க்க லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்குப் போக வேண்டும். ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762 வாக்கில் தீட்டிய விசில்ஜாக்கெட் அங்கே இருக்கிறது. கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரம். ராக்கிங்ஹாம் பிரபுவின் பந்தயக் குதிரை. பின்னணி இல்லை, தரை இல்லை, மனிதன் இல்லை, குதிரை மட்டும். மருந்தாகக் குடித்த ஜின்னும் வெல்லப்பாகும் கலந்த பானம் ஒன்றின் பெயர் அதற்கு. அற்புதமான ஓவியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே லண்டனில் நிலக்கரி வண்டி இழுத்த ஒரு குதிரையின் பெயர்கூட நம்மிடம் இல்லை.

அந்த நிலக்கரிக் குதிரையைத் தேடிப் போனவர் ஒரு பிரெஞ்சுக்காரர். மெதூசா கப்பலின் தெப்பத்தைத் தீட்டிய தியோதோர் ஜெரிக்கோ, அந்தப் பெரிய படத்தைக் காட்சிக்கு வைக்க 1820-ல் லண்டன் போனார். மறு ஆண்டு அங்கே கல்லச்சுப் படத்தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதில் நிலக்கரி வண்டிக் குதிரைகள் வருகின்றன, லாடம் அடிக்கும் கொல்லர் வருகிறார். ஒரு படத்தில் அடெல்ஃபி என்ற படகுத்துறையின் வளைவுக்குள் கனத்த குதிரைகள் நுழைகின்றன. நமக்குத் தெரிவது பின்பக்கம் மட்டும், முன்னே இருட்டு. முகம் காட்டாமலே சோர்வைக் காட்டிவிடுகிறார். அதே 1821-ல் அவரே எப்சம் குதிரைப்பந்தயத்தையும் தீட்டினார். அதில் குதிரைகள் முன்கால் முன்னும் பின்கால் பின்னுமாக நீட்டிக் காற்றில் பறக்கின்றன. ஓடும் குதிரை ஒருபோதும் அப்படி நீட்டிக்கொண்டு பறப்பதில்லை என்பதை 1878-ல் கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் எடுத்த படங்கள் காட்டின. மெதுவாக நடக்கும் வண்டிக்குதிரையிடம் இந்தப் பிழை இல்லை. அதன் குளம்பு கல்தரையில் எப்படி ஊன்றுகிறது என்று நின்று பார்க்க ஓவியனுக்கு நேரம் இருந்தது. அதன் கால்கள் உண்மையாக இருக்கின்றன.

ஓவியர் ரோசா பொனேர் வேலைக்குதிரைக்கு இன்னும் பெரிய இடம் கேட்டார். பாரிஸில் சால்பெத்ரியேர் மருத்துவமனைக்குப் பக்கத்தில் நடந்த குதிரைச்சந்தைக்கு வாரம் இருமுறையாக ஒன்றரை ஆண்டு போனார். தரகர்களும் வண்டிக்காரர்களும் நிறைந்த இடத்தில் தொல்லையில்லாமல் வரைய ஆண் உடை வேண்டும். பெண்கள் கால்சட்டை போடக் காவல்துறை அனுமதி வாங்க வேண்டிய காலம். வாங்கினார். 1853-ல் காட்சிக்கு வந்த ‘குதிரைச்சந்தை’ ஐந்து மீட்டருக்கு மேல் அகலம். போர்களுக்கும் அரசர்களுக்கும் ஒதுக்கிய அளவு. இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுழன்று வரும் அந்தக் கனத்த குதிரைகள் பெர்ஷெரோன். பாரிஸுக்கு மேற்கே உள்ள பெர்ஷ் வட்டாரத்தால் வந்த பெயர். பந்தயக் குதிரைக்குத் தனிப்பெயர், வேலைக்குதிரைக்கு ஊர்ப்பெயர். அவ்வளவாவது கிடைத்தது.

ஜான் கான்ஸ்டபிளை நான் கடைசிக்கு வைத்திருந்தேன். ஆண்டுக்கணக்குப்படி அவர் ரோசா பொனேருக்கு முந்தியவர். 1821-ல் அவர் காட்சிக்கு வைத்த பெரிய படத்தின் பெயர் ‘இயற்கைக்காட்சி: நண்பகல்’. ஆற்றில் இறங்கிய வண்டியும் சிவப்புச் சேணம் பூண்ட குதிரைகளும்தான் பார்த்தவர்கள் மனதில் நின்றன. நண்பர் ஜான் ஃபிஷர் அதை வைக்கோல் வண்டி என்று அழைத்தார். இன்று உலகம் அந்தப் பெயரில்தான் அறியும். 1825-ல் வந்தது ‘தாவும் குதிரை’. ஸ்டவர் ஆற்றங்கரையில் படகை இழுத்துச் செல்லும் குதிரைகள், மேய்ச்சல் மாடுகள் தாண்டாமலிருக்கப் போட்ட தடுப்புகளைத் தாவப் பழக்கப்பட்டவை. பிரபுக்களின் வேட்டைக்குதிரை தாவுவதைப் பலர் தீட்டியிருக்கிறார்கள். இது வேலைக்கு நடுவே போடும் தாவல்.

இரண்டுக்கும் முந்தியது 1819-ல் வந்தது. கான்ஸ்டபிள் வைத்த தலைப்பு ‘ஸ்டவர் ஆற்றில் ஒரு காட்சி’. ஃபிஷர் 100 கினி கொடுத்து வாங்கிக்கொண்டார். தலைப்பில் குதிரை இல்லை. படத்தின் நடுவிலும் இல்லை. மரங்கள், கொட்டகை, மேகம், தண்ணீர் எல்லாவற்றையும் தாண்டி இடது கீழ்மூலைக்குக் கண் போனால்தான் தெரியும். கரையோர நடைபாதை ஓரிடத்தில் முடிந்து எதிர்க்கரையில் தொடர்கிறது. அங்கே படகிழுக்கும் குதிரையை அந்தப் படகிலேயே ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். படம் இப்போது நியூயார்க் ஃப்ரிக் கூடத்தில் இருக்கிறது, ‘வெள்ளைக் குதிரை’ என்ற பெயரில். நாள் முழுக்க இழுத்த படகின் மேல் அது அசையாமல் நிற்கிறது. படகுக்காரர்கள் கழி ஊன்றித் தள்ளுகிறார்கள். அக்கரை வரும்வரை அதற்கு வேலை இல்லை.